ஏழு பேர், ஆறு நேரம்: 2012 மியூனிக் இறுதிப் போட்டியைச் சேர்ந்து பார்த்த இரவு

2012 மே 19, சனிக்கிழமை. ஐரோப்பியக் கால்பந்து கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, பயர்ன் மியூனிக்குக்கும் செல்சிக்கும். ஆட்டத்தின் 88-வது நிமிடம். என் திரையில் செல்சியின் ஹுவான் மாட்டா கார்னர் கொடிக்குப் பக்கத்தில் பந்தை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். அப்போது ஹெட்போனில் அண்ணனின் குரல் வெடித்தது. "ட்ரோக்பா! ட்ரோக்பா!" மாட்டாவின் கால் பந்தில் இன்னும் படவே இல்லை. அதன் பிறகுதான் அவர் உதைத்தார், பந்து வந்தது, ட்ரோக்பா எழும்பினார், வலை அசைந்தது. அந்தக் கோலை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கேட்டுவிட்ட ஒன்றைச் சரிபார்த்தேன், அவ்வளவுதான்.

எங்களில் இளையவனின் நிலை இன்னும் மோசம். அவன் கணினியில் அந்தக் கார்னரே இன்னும் கிடைத்திருக்கவில்லை. அவனுடைய உலகத்தில் பயர்ன் மியூனிக் ஒன்றுக்குப் பூஜ்ஜியம் என்று முன்னிலையில் இருந்தது, கோப்பைக்கு இரண்டு நிமிடம்தான் பாக்கி. அவன் ஒன்றும் பேசவில்லை. சுமார் நாற்பது வினாடி கழித்து, "ஏண்ணே..." என்று மட்டும் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

அந்த இரவை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆட்டக் குறிப்பு எழுதுவது என் பழக்கம். இடப்பக்கம் ஆட்டத்தில் நடந்தது, வலப்பக்கம் நாங்கள் பேசியது. இந்த ஆய்வுக்கு அந்தக் குறிப்பேடுதான் ஆதாரம். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஓர் இறுதிப் போட்டியைச் சேர்ந்து பார்க்கும்போது எது அவர்களைப் பிரிக்கிறது என்பதைத்தான் இதில் எழுத முயல்கிறேன். எதிரெதிர் அணிகளை ஆதரிப்பது பிரிப்பதில்லை. அன்று எங்களைப் பிரித்தது நேரம்.

அந்த ஆட்டத்தின் கனம்

சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் இடம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும். 2012-க்கான இடம் மியூனிக் என்பதை 2009 தொடக்கத்திலேயே ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ அறிவித்துவிட்டது. எந்த அணிகள் இறுதிக்கு வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பயர்ன் தன் சொந்த அரங்கத்திலேயே இறுதியில் ஆடும்படி அமைந்தது தற்செயல். போட்டி சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய 1992-க்குப் பிறகு அது யாருக்கும் வாய்த்ததில்லை. பழைய ஐரோப்பியக் கோப்பைக் காலத்தில் மூன்று அணிகளுக்கு வாய்த்தது. 1957-ல் ரியால் மாட்ரிட் தன் மண்ணில் வென்றது, 1965-ல் இன்டர் மிலான் வென்றது, 1984-ல் ரோமா பெனால்டியில் லிவர்பூலிடம் தோற்றது. சொந்த ஊர் என்பது வரமாகவும் அமையலாம், சுமையாகவும் அமையலாம் என்பதற்கு இந்த மூன்றுமே சாட்சி. ஆட்டத்துக்கு முன்பு நாங்கள் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ரோமாவை நினைவுபடுத்தியது அண்ணன்தான்.

தெற்குப் பக்க இருக்கைகளில் பயர்ன் ரசிகர்கள் விரித்த பதாகையின் வாசகம்: நம் ஊர், நம் அரங்கம், நம் கோப்பை. உள்ளே 62,500 பேர். அரங்கத்துக்குள் இடம் கிடைக்காத பல்லாயிரம் பேர் அதே நகரத்தின் பழைய ஒலிம்பிக் அரங்கத்தில் பெரிய திரைக்கு முன் கூடியிருந்தார்கள்.

செல்சி வந்த வழி கரடுமுரடானது. பருவத்தின் நடுவில், மார்ச் மாதத்தில், பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் நீக்கப்பட்டார். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற டி மாட்டேயோவின் கீழ் நாப்போலி, பென்ஃபிகா, பார்சலோனா என ஒவ்வொரு அணியாகத் தாண்டி வந்தார்கள். இறுதிப் போட்டியில் ஜான் டெர்ரி, இவானோவிச், ரமிரெஸ், மெய்ரெலெஸ் நால்வருக்கும் தடை. பயர்னிலும் அலாபா, பாட்ஸ்டுபர், லூயிஸ் குஸ்டாவோ ஆட முடியாது. சாம்பியன்ஸ் லீகில் அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியிராத ரையன் பெர்ட்ரண்டை இறுதிப் போட்டியில் முதன்முதலாக இறக்கினார் டி மாட்டேயோ. அந்தத் துணிச்சலை பயர்ன் ரசிகனான நான் இன்றும் மதிக்கிறேன்.

யார், எங்கே, எதில்

நாங்கள் ஏழு பேரும் ஒரு காலத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். பிறகு வேலை, படிப்பு என்று சிதறிவிட்டோம். முக்கியமான இறுதிப் போட்டிகளை மட்டும் ஸ்கைப்பில் குழு அழைப்பு போட்டுச் சேர்ந்து பார்ப்பது வழக்கமாகியிருந்தது. குரல் மட்டும், படம் கிடையாது. படம் ஆட்டத்தில் இருந்தால் போதும்.

அண்ணன் எங்கள் பழைய கோல்கீப்பர், வயதில் மூத்தவர், செல்சி பக்தர். அன்று இங்கிலாந்தில் மாலைப் பணியில் தனியாக இருந்தார். பணியிடத்தில் தொலைக்காட்சி இல்லை, சின்ன மத்திய அலை ரேடியோ ஒன்று இருந்தது. பிபிசி ரேடியோ 5 லைவ் வர்ணனையை அதில் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி என்று நாங்கள் அழைக்கும் இளையவன் பயர்ன் ஆள். மடிக்கணினியில் இணைய நேரலை பார்த்தான். மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒலிம்பிக் அரங்கத்துக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கைபேசியில் இணைந்திருந்தான். செல்சியை ஆதரிக்கும் இருவர் ஒரே வீட்டில், செயற்கைக்கோள் பெட்டியோடு. நானும் அதே மாதிரி பெட்டிதான், பதிவு செய்து நிறுத்தி வைக்கும் வசதி உள்ளது. இன்னொருவரிடம் கேபிள் இணைப்பு.

கேபிள்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் தான் நடுநிலை என்று அவர் சொல்லிக்கொண்டாலும் உண்மையில் அவர் டாட்டன்ஹாம் ரசிகர். அந்தப் பருவத்தில் டாட்டன்ஹாம் இங்கிலாந்து லீகில் நான்காவது இடம் பிடித்திருந்தது, செல்சி ஆறாவது. அப்போதைய விதிப்படி நான்காம் இடத்துக்கு அடுத்த சாம்பியன்ஸ் லீகில் வாய்ப்பு உண்டு. ஆனால் செல்சி இந்தக் கோப்பையை வென்றுவிட்டால் நடப்புச் சாம்பியன் என்ற முறையில் அந்த இடம் செல்சிக்குப் போய்விடும். ஆக, களத்தில் இல்லாத ஒரு அணிக்காக அவர் எங்கள் எல்லோரையும்விட இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்.

உறைக்காத கசிவுகள்

முதல் பாதிக் குறிப்புகளை இப்போது படித்தால் அறிகுறி எல்லாமே தெரிகிறது. 21-வது நிமிடத்தில் பயர்னின் ராபன் அடித்த பந்து செல்சி கோல்கீப்பர் செக்கின் காலில் பட்டு போஸ்ட்டில் மோதித் திரும்பியது. என் குறிப்பு: "மியூனிக் 'ஓ' என்றான். பிறகு நான். பிறகு கேபிள். வெகு நேரம் கழித்துத் தம்பி 'ஐயோ' என்றான்." அந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. கோமெஸ் வாய்ப்புகளைத் தவறவிட்டபோதும் இதே வரிசைதான். தம்பியின் பெருமூச்சு எப்போதும் கடைசியில், எதிரொலிபோல வந்தது. கோல் விழாத வரை தாமதம் யாருக்கும் உறைப்பதில்லை.

83-வது நிமிடத்தில் பயர்னின் க்ரூஸ் தூக்கி அனுப்பிய பந்தை முல்லர் தலையால் தரையை நோக்கி அடிக்க, அது துள்ளி உள்ளே போனது. அதை எனக்கு முதலில் சொன்னது மியூனிக் நண்பனின் கைபேசி. பல்லாயிரம் பேரின் கூச்சல் ஒரு சின்ன ஒலிவாங்கிக்குள் நுழைய முடியாமல் கரகரவென்று உடைந்து வந்தது. சில வினாடி கழித்து என் திரையில் கோல். தம்பி திரையில் அதற்கும் வெகு நேரம் பின்னால்.

அப்போது தம்பி குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "வருது வருது, இப்ப வருது!" என்று அவன் சிரித்தபடியே காத்திருந்தது குறிப்பில் இருக்கிறது. இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நாம் வேண்டிய செய்தி முன்கூட்டியே வந்தால் நாம் அதைப் பரிசாக எடுத்துக்கொள்கிறோம். வேண்டாத செய்தி முன்கூட்டியே வந்தால்தான் திருட்டு என்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து அண்ணன் செய்தது எதுவோ அதையேதான் மியூனிக் நண்பன் செய்திருந்தான். அவனிடம் நாங்கள் யாரும் கோபப்படவில்லை.

கோல் அடித்த கையோடு முல்லரை வெளியே எடுத்து வான் பய்டனை இறக்கினார் பயர்ன் பயிற்சியாளர் ஹைன்கஸ். தற்காப்பைப் பலப்படுத்துவது அவர் கணக்கு. அதற்குள் செல்சிக்கு அந்த ஆட்டத்தின் முதல் கார்னர் கிடைத்தது. பயர்னுக்கு மொத்தம் 20 கார்னர், ஒன்றிலும் கோல் இல்லை. செல்சிக்கு அந்த ஒன்றுதான், அதிலேயே கோல். நான் மேலே சொன்ன 88-வது நிமிடம் அதுதான்.

உடைந்தது, ஒட்டியது

தம்பி போன பிறகு அழைப்பில் யாரும் பேசவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று வழக்கமான நேரம் முடிந்தது. அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "நான் வேணும்னு கத்தலடா. ரேடியோல சொன்னான், வாய்ல வந்துருச்சு." அவர் சொன்னது உண்மை. கோல் விழும்போது கத்துவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அதற்காகத்தானே சேர்ந்து பார்க்கிறோம்?

கூடுதல் நேரத்துக்கு முந்தைய இடைவேளையில் தம்பியை நான் தனியாக அழைத்தேன். அவனுக்கு அண்ணன்மேல் பெரிய கோபம் இல்லை என்பது பேசியதும் தெரிந்தது. "நான் ஒருத்தன் மட்டும் பழைய மேட்ச் பாத்துட்டு இருக்கேன் மாப்ள. நீங்கள்லாம் முன்னாடி போயிட்டீங்க" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. நாங்கள் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை.

அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு ஓர் ஏற்பாடு செய்தோம். கூடுதல் நேரம் தொடங்கும் விசில் சத்தம் கேட்டவுடன் ஒவ்வொருவரும் "விசில்" என்று சொல்ல வேண்டும், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வேன். அண்ணன் முதலில் சொன்னார். சில வினாடியில் மியூனிக், அதை ஒட்டியே நானும் செல்சி வீடும், கொஞ்சம் தள்ளி கேபிள். பிறகு ஒரு நீண்ட வெற்றிடம். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தோம். நாற்பது வினாடிக்கும் மேலே போன பிறகு தம்பி "விசில்" என்றான்.

கடைசியில் வருபவனை முன்னால் இழுக்க வழியே இல்லை. இணைய நேரலையில் அடுத்த நொடி அவன் கணினிக்கு இன்னும் வந்தே சேரவில்லை, வராததை ஓட்டிப் பார்க்க முடியாது. முன்னால் இருப்பவர்கள் பின்னால் வரலாம், அது மட்டும்தான் சாத்தியம். என் பெட்டியையும் செல்சி வீட்டுப் பெட்டியையும் நிறுத்தி, வினாடிகளை எண்ணி, தம்பியின் படத்தோடு ஒத்து வரும் இடத்தில் மீண்டும் ஓடவிட்டோம். கேபிள்காரரிடம் நிறுத்தும் வசதி இல்லை, ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்பவராக மட்டும் இருக்க ஒப்புக்கொண்டார். மியூனிக் நண்பனின் பின்னணிச் சத்தத்தை எதுவும் செய்ய முடியாது, முடிந்ததும் அழைக்கிறேன் என்று விலகினான். ரேடியோவையும் நிறுத்திவைக்க முடியாது. அண்ணன், "நான் மியூட்ல இருக்கேன். நீங்க பாருங்கடா" என்றார்.

உலகத்துக்கு நாற்பது வினாடி பின்னால் போய்விட்டோம். ஆனால் தம்பிக்குப் பக்கத்தில் வந்திருந்தோம்.

95-வது நிமிடத்தில் அதற்குப் பரீட்சை வந்தது. ட்ரோக்பா ரிபெரியைத் தட்டிவிட, பயர்னுக்குப் பெனால்டி. ராபன் வந்தார், ஒரு காலத்தில் செல்சிக்கே ஆடியவர். அவர் ஓடி வரும்போது, ரேடியோவில் அண்ணனுக்கும் கேபிளில் அவருக்கும் விடை தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஒரு சத்தமும் வரவில்லை. ராபன் அடித்தார், செக் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டார். எங்கள் நால்வரின் குரலும் ஒரே கணத்தில் எழுந்தது. இரண்டு குரல் கொண்டாட்டம், இரண்டு குரல் வேதனை. அந்த இரவில் முதன்முறையாக நாங்கள் சேர்ந்து பார்த்த காட்சி அது. தோல்வியின் தொடக்கமாக இருந்தும் எனக்கு அது பிரியமான நினைவு.

ஐந்து உதைகள், ஒரு மியூட் பொத்தான்

கூடுதல் நேரத்திலும் சமன் உடையவில்லை. பெனால்டி ஷூட்-அவுட்டில் நாற்பது வினாடி என்பது ஏறக்குறைய ஒரு உதையின் நீளம். வீரர் நடுவட்டத்திலிருந்து நடந்து வந்து, பந்தை வைத்து, மூச்சை இழுத்து அடிப்பதற்குள் அவ்வளவு நேரம் ஓடிவிடும். அதனால் அண்ணன் எப்போதும் எங்களுக்கு ஒரு உதை முன்னால் இருந்தார்.

பயர்ன் முதலில். லாம் போட்டார். மாட்டா அடித்ததை பயர்ன் கோல்கீப்பர் நாயர் தடுத்தார். கோமெஸ் போட்டார், டேவிட் லூயிஸ் போட்டார். மூன்றாவதாக நாயரே வந்து போட்டார், லாம்பார்ட் பதில் சொன்னார். மூன்றுக்கு இரண்டு என்று பயர்ன் முன்னால். தம்பி, "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அவன் அப்படிச் சொல்லும்போது அடுத்த உதையின் முடிவு அண்ணனுக்குத் தெரியும்.

ஒலிச் நடந்து வரும்போது ஒரு கசிவு நேர்ந்தது. கேபிள்காரரின் ஒலிவாங்கி எப்படியோ திறந்திருந்தது. நாற்காலி தரையில் உரசும் ஓசை மட்டும் கேட்டது. "யாரு? என்னாச்சு?" என்று தம்பி கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. ஒலிச் அடித்ததைச் செக் தடுத்தார். டாட்டன்ஹாமின் ஒரு பருவத்து உழைப்பு கைநழுவுவதை முன்கூட்டியே அறிந்து ஒரு மனிதர் நாற்காலியை விட்டு எழுந்த ஓசைதான் அது. அவரை யாரும் குறை சொல்லவில்லை.

ஆஷ்லி கோல் போட்டார், மூன்றுக்கு மூன்று. ஸ்வைன்ஸ்டைகர் ஓடி வந்து நடுவில் சற்றுத் தயங்கி அடித்தார், செக்கின் விரல் பட்டுப் பந்து போஸ்ட்டில் மோதியது. ராபனையும் சேர்த்து அன்று செக் ஆறு பெனால்டிகளை எதிர்கொண்டார், ஆறுக்கும் சரியான பக்கமே பாய்ந்தார். பயர்ன் வீரர்களின் பழைய பெனால்டிகளை வீடியோவில் பார்த்துப் படித்துவிட்டு வந்தவர் அவர். எங்கள் பழைய கோல்கீப்பரான அண்ணன் இதைப் பற்றிப் பிற்பாடு ஒரு மணி நேரம் பேசினார். அன்றைய ஆட்ட நாயகன் யார் என்றால் நானும் செக்கைத்தான் சொல்வேன்.

கடைசியாக ட்ரோக்பா. எங்கள் திரையில் அவர் பந்தை வைத்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் ஒரு வெறுமையான பணியிடத்தில் அண்ணனின் ரேடியோ அலறிக்கொண்டிருந்திருக்கும். செல்சியின் முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவில், டெர்ரி வழுக்கி விழுந்த அந்தப் பெனால்டி இரவில், அழுதவர் அண்ணன். அவருடைய வாழ்நாள் ஆசை நிறைவேறியிருந்தது. அழைப்பில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ட்ரோக்பா இரண்டே அடி எடுத்து அடித்தார். நாயர் மறுபக்கம் பாய்ந்தார். தம்பி, "போச்சு" என்றான்.

அதன் பிறகுதான் மியூட் விலகும் சின்ன ஓசை கேட்டது. என் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, பாத்துட்டியா?"

"பாத்தேண்ணே."

"முழுசா?"

"முழுசா பாத்துட்டேண்ணே."

"சரி. இப்ப கத்தலாமா?"

"கத்துங்கண்ணே."

அண்ணன் கத்தினார். ஒரே ஒரு முறை, நீளமாக. இடையில் குரல் உடைந்தது. தம்பி அதை முழுவதும் கேட்டான், இணைப்பைத் துண்டிக்கவில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியை நான் பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தூரம்தான் காரணம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம், அது தவறு. ஒளிபரப்புச் செயற்கைக்கோள் பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமிக்ஞை மேலே போய்த் திரும்பி வரக் கிட்டத்தட்ட கால் வினாடி போதும். மீதி வினாடிகளைத் தின்பது சுருக்கும் வேலை. முழுப் படத்தையும் அப்படியே அனுப்பினால் எந்த அலைவரிசையும் தாங்காது. அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் எது மாறியது என்று ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகிறார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் அடுத்து வரும் காட்சிகள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பெட்டியும் அதை விரித்துக் காட்டுமுன் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். கேபிளில் நிறுவனம் சமிக்ஞையை வாங்கித் திரும்பவும் கட்டி அனுப்பினால் இன்னும் சில வினாடி கூடும். மத்திய அலை ரேடியோவில் இந்த வேலைகள் பெரும்பாலும் இல்லை, அதனால்தான் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் இருந்தார்.

இணைய நேரலையின் கதை வேறு. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த முறைகளில் ஒன்று 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்தது. ஆட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக அனுப்புவது அதன் வழி. ஒரு துண்டுக்கு 10 வினாடி என்பது அப்போதைய பரிந்துரை. படம் நடுவில் நின்றுவிடாமல் இருக்க, ஓட்டும் மென்பொருள் கடைசியிலிருந்து மூன்று துண்டு பின்னால் இருந்துதான் தொடங்கும். கணக்குப் போட்டால் அங்கேயே முப்பது வினாடி போய்விட்டது. சுருக்கும் நேரமும் வழங்கிகளில் கைமாறும் நேரமும் அதற்கு மேல். ஆக, தம்பியின் நாற்பது வினாடிக்கு அவனுடைய இணைப்பு காரணமில்லை. படம் தடங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அந்த முறையே வேண்டுமென்று பின்வாங்கி நிற்கிறது. அவன் பணம் கட்டிப் பார்த்த நேரலைச் சேவை இதை ஒரு வார்த்தை எங்கும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நேரலை என்று விற்பவர்கள் எவ்வளவு தாமதம் என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு துண்டின் பரிந்துரை 6 வினாடியாகக் குறைந்தது, 2019-ல் தாமதத்தைச் சில வினாடிக்குக் கொண்டுவரும் புதிய முறையும் வந்தது. ஆனாலும் இடைவெளி முற்றிலும் மறையவில்லை.

எங்கள் தவறு

விசில் சோதனையைக் கூடுதல் நேரம்வரை தள்ளிப்போட்டதுதான் பெரிய தவறு. ராபன் அடித்தது போஸ்ட்டில் பட்ட 21-வது நிமிடத்திலேயே தம்பி எவ்வளவு பின்னால் இருக்கிறான் என்பது என் குறிப்பில் எழுத்தாகக் கிடந்தது. குறிப்பெடுப்பவன் நான், கவனித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

எங்கள் ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது, அதைக் கட்டியவர் அண்ணன். கூடுதல் நேரமும் ஷூட்-அவுட்டும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் அவர் தன் அணியின் வாழ்வா சாவா ஆட்டத்தை வாயைத் திறக்காமல் கேட்டார். இதை நியாயம் என்று நான் எளிதில் சொல்லிவிட மாட்டேன். முன்னால் இருப்பவரின் வாயைக் கட்டிவைப்பதும் ஒருவகையில் அவரை ஆட்டத்திலிருந்து தள்ளிவைப்பதுதான். ரேடியோவும் ரேடியோவும், நேரலையும் நேரலையும் என்று கூடிப் பார்த்தால் இந்தச் சிக்கலே வராது என்று செல்சி வீட்டு நண்பர் ஒருவர் பிறகு சொன்னார். கணக்கு சரிதான், ஆனால் அப்புறம் நாங்கள் ஏழு பேராக இருக்க மாட்டோம். கடைசியில் வருபவனுக்காக மற்றவர்கள் நிற்பதுதான் எங்கள் குழுவுக்குப் பொருந்துகிறது என்ற முடிவுக்கு வந்தோம். முன்னால் இருப்பவர் தானாக முன்வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், யாரும் கட்டளை போடக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். கைபேசியில் வரும் கோல் அறிவிப்புகளை ஆட்டத்துக்கு முன்பே அணைத்துவிட வேண்டும் என்பது தம்பி சேர்த்த விதி. நேரலை பார்ப்பவனுக்கு அதுவும் ஒரு அண்ணன் குரல்தான்.

மியூனிக் நண்பன் நள்ளிரவு தாண்டி அழைத்தான். ஒலிம்பிக் அரங்கத்திலிருந்து கூட்டம் பேச்சில்லாமல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். அழைப்பை அணைக்காமல் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெகு நேரம் நாங்கள் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஓராண்டுக்குப் பின்

2013 மே 25, வெம்ப்ளி. பயர்ன் திரும்பவும் இறுதியில், எதிரே டார்ட்மண்ட். இந்த முறை முதல் விசிலுக்கே சோதனை வைத்தோம். அண்ணன் அன்று விடுமுறை எடுத்து, நிறுத்தும் வசதியுள்ள பெட்டி முன் உட்கார்ந்திருந்தார். கேபிள்காரரும் பெட்டி மாற்றியிருந்தார். மியூனிக் நண்பன் கூட்டத்துக்குப் போகாமல் அறையிலேயே இருந்தான். தம்பியிடம் மட்டும் அதே மடிக்கணினி, அதே நேரலை. ஆறு இணைப்புகளும் அவன் படத்தோடு ஒத்து வர ஏழெட்டு நிமிடம் பிடித்தது. அதுவரை யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

60-வது நிமிடத்தில் மாண்ட்ஸுகிச் போட்டார், 68-ல் குண்டோகன் பெனால்டியில் சமன் செய்தார். இரண்டும் என் குறிப்பேட்டில் தெளிவாக இருக்கின்றன, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு. 89-வது நிமிடத்தில், முந்தைய ஆண்டு பெனால்டியைத் தவறவிட்ட அதே ராபன், கோல்கீப்பரைக் கடந்து பந்தை மெதுவாக உள்ளே உருட்டினார். அந்த நிமிடத்துக்கு நேரே வலப்பக்கம் காலியாக இருக்கிறது. ஏழு பேரும் ஒரே நொடியில் கத்தியதில் எது யார் குரல் என்று என்னால் பிரித்து எழுத முடியவில்லை.